உழவனும் வெயிலும்

வயலில் விளைந்த பொருள் முழுவதும் உழவன் வீட்டிற்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. கதிர் அறுத்துக் களத்தில் குவித்த பின்னரும் அவனுக்குக் கவலை உண்டு. வித்தி, நீர் பாய்ச்சி, களை பறித்து, புள்ளும் விலங்கும் கவராமற் காத்து, நான்கு திங்கள் பாடுபட்டு ஈட்டிய விளைவை இரண்டு நாள் மழை கெடுத்துவிடும். நெல் களத்திலேயே முளைவிடும், மிளகாய் கறுத்துப்போகும், தேங்காய்ப் பருப்பிற் பூசணம் பூக்கும், நிலக்கடலை கசந்துபோகும். இக்கேடுகள் அனைத்திற்கும் காரணம் ஒன்றே. அஃது அப்பொருள்களில் தங்கிய ஈரம். ஈரத்தை அகற்றிவிட்டால் அவை ஆண்டு முழுவதும் கெடாமல் இருக்கும். அவ்வேலையைக் கூலி வாங்காமற் செய்துதரும் ஆள் ஒருவன் உழவனுக்கு உண்டு. அவனே கதிரவன்.

உலர்த்துதலைப் பழந்தமிழர் உணக்குதல் என்றும், உலரும் பொருளை உணங்கல் என்றும் வழங்கினர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற மனை முற்றத்தில் உணவுப்பொருள் உலர்கின்றது. அதனைக் காத்திருக்கும் மகள், கவர வந்த கோழியை ஓட்டுதற்குக் கல்லைத் தேடவில்லை. தன் காதில் அணிந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றாள். முற்றத்தில் வீழ்ந்த அக்குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. நகரத்தின் செல்வச் சிறப்பைக் காட்டப் புலவர் கூறியது இது. எனினும் உழவு நூல் கற்பார்க்கு இதில் வேறொரு செய்தியும் புலப்படும். உணங்கலுக்குக் காவல் வேண்டும் என்பதே அது. நெய்தல் நிலத்து மகளிர் மீன் உணங்கலைப் பறவைகள் கவராமற் காத்திருந்த செய்தியும் சங்கப் பாடல்களில் உண்டு. எறிதற்குப் பொற்குழை இல்லாத ஏழை உழவன் இன்றும் கையிற் கோலுடன் களத்தருகே காத்திருக்கின்றான். கோடைக்காலத்தில் மொட்டைமாடியில் வடகமும் வற்றலும் இட்டு, காக்கைக்கு அஞ்சிக் கருங்குடையை விரித்து வைக்கும் பாட்டிமாரும் இத்தொழிலின் வழிவந்தோரே ஆவர்.

விளைபொருளில் எவ்வளவு நீர் இருக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறுவடையான நெல்லில் நூற்றுக்கு 20 பங்கு அல்லது அதற்கும் மேல் நீர் இருக்கும். அதனைச் சேமித்து வைக்க வேண்டுமானால் 14 பங்காகக் குறைத்தல் வேண்டும். 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் நீர் 20 கிலோ, உலர்பொருள் 80 கிலோ. ஈரம் 14 பங்காகும்போது அந்நெல்லின் எடை ஏறக்குறைய 93 கிலோ. ஆகவே அகற்ற வேண்டிய நீர் 7 கிலோவே. தேங்காய்ப் பருப்பின் நிலை வேறு. அதன் எடையிற் பாதி நீர். அது நல்ல கொப்பரையாவதற்கு ஈரம் 6 பங்காகக் குறைய வேண்டும். 100 கிலோ பருப்பிலிருந்து 53 கிலோ கொப்பரை கிடைக்கும். எஞ்சிய 47 கிலோவும் ஆவியாகிச் செல்ல வேண்டிய நீர். பழுத்த மிளகாயில் முக்காற்பங்கு நீர் இருப்பின், 100 கிலோ மிளகாய் உலர்ந்து 28 கிலோ வற்றலாகும். விற்கச் சென்ற இடத்தில் வற்றலின் விலையைக் கேட்டு வியப்போர் இக்கணக்கை நினைத்தல் நன்று.

ஈரம் இருந்தால் என்ன கேடு? நீர் உள்ள இடத்திற் பூசணம் வளரும். அது பொருளின் நிறத்தையும் மணத்தையும் கெடுப்பதோடு நின்றுவிடுமாயின் இழப்பு சிறிதே. ஆனால் சில பூசணங்கள் நஞ்சை உண்டாக்குகின்றன. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இன்ன நோயென்று அறியக்கூடாதபடி இறந்தன. மருத்துவர்கள் முதலில் அந்நோய்க்குப் பெயரிடவும் இயலாது திகைத்தனர். பின்னர் ஆராய்ந்தபோது, அவை தின்ற தீவனத்திற் கலந்திருந்த கடலைப்பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த அப்பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் படர்ந்து நஞ்சைத் தோற்றுவித்திருந்தது. பூசணத்தின் பெயரைக்கொண்டே அந்நஞ்சுக்கு அப்லாடாக்சின் என்று பெயரிட்டனர். அஃது ஈரலைத் தாக்குவது. நெடுநாள் உட்கொண்டால் ஈரலிற் புற்றுநோயையும் விளைப்பது. வேகவைப்பதாலும் வறுப்பதாலும் அது முற்றும் அழிவதில்லை. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய், கொப்பரை ஆகிய பொருள்கள் சரியாக உலராதபோது இந்நஞ்சு தோன்றுதல் கூடும். ஐரோப்பிய நாடுகளில், ஒரு கிலோ மிளகாய் வற்றலில் இந்நஞ்சு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அச்சிற்றளவு, கப்பலேறிச் சென்ற மூட்டைகளைத் திரும்பி வரச் செய்துவிடும். ஆதலின் உலர்த்துதல் என்பது பொருளைக் காக்கும் தொழில் மட்டும் அன்று. உண்பார் உயிரைக் காக்கும் தொழிலும் ஆகும்.

திறந்தவெளியில் வெயிலிற் காயவைப்பதே தொன்றுதொட்டு வரும் முறை. அதற்குச் செலவில்லை, கருவி வேண்டுவதில்லை, எவரும் செய்யலாம். வானம் வெளுத்திருக்கும் மாசித் திங்களில் இதனினும் நல்ல முறை வேறில்லை என்றே கூறலாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் விளையும் குண்டு மிளகாயை எடுத்துக்கொள்க. 2023 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அம்மிளகாய், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்டுத் தை, மாசிக்குப் பின்னர்ப் பழுப்பது. அக்காலத்தில் அம்மாவட்டத்தில் மழை அரிது. அங்கு உழவன் அஞ்சுவது மழைக்கு அன்று. மண்ணுக்கும் தூசிக்கும், எலிக்கும் கோழிக்கும், இரவிற் படியும் பனிக்குமே ஆகும்.

காவிரிப் படுகையில் நிலைமை வேறு. ஆனித் திங்களை ஒட்டி நடப்படும் குறுவை நெல், புரட்டாசி ஐப்பசியில் அறுவடைக்கு வருகின்றது. வடகிழக்கு மழையும் அப்போதே வந்து நிற்கின்றது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் ஈரமுள்ள நெல்லை வாங்குவதில்லை. மழை மிகுந்த ஆண்டுகளில் நடுவண் அரசின் இசைவு பெற்று அவ்வளவைச் சிறிது உயர்த்துவதும் உண்டு. ஒன்றிரண்டு பங்கு ஈரம் கூடிய குற்றத்திற்காக, நெற்குவியலின் மேல் தார்ப்பாயை மூடி, வானத்தைப் பார்த்தபடி நாட்கணக்கிற் காத்திருக்கும் உழவர் பலர். சிலர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நெல்லைப் பரப்புகின்றனர். தார்ச்சாலையின் சூட்டில் நெல் விரைந்து காயும் என்பது உண்மையே. ஆயினும் வண்டிகளின் உருளை பட்டு மணி உடைவதும், எண்ணெயும் கல்லும் கலப்பதும், இரவில் இருசக்கர வண்டியில் வருவோர் சறுக்கி விழுவதும் அதனால் நேர்கின்றன. களமின்மையால் நேரும் இக்குறைக்கு உழவனை மட்டும் பழிப்பது முறையன்று.

தென்னை மிகுந்த பொள்ளாச்சிப் பகுதியிலும், கொப்பரை வாணிகத்திற்குப் பேர்பெற்ற காங்கயம் பகுதியிலும் பரந்த உலர்களங்களைக் காணலாம். காயை இரண்டாக உடைத்து, முகம் வானை நோக்க அடுக்கி வைப்பர். இரண்டு மூன்று நாளிற் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டுக் கழன்று வரும். பின்னர்ப் பருப்பை மட்டும் எடுத்து மேலும் காயவைப்பர். இவ்வாறு ஏழெட்டு நாள் செல்லும். இடையில் மழை தூறினால் முதலில் கெடுவது புதிதாக உடைத்த காயே. வெண்மையான பருப்பின்மேல் வழுவழுப்பான படலம் தோன்றும். பின்னர்ப் பச்சையும் கருமையுமாகப் பூசணம் படரும். அதனைத் தடுக்கக் கந்தகப்புகை காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உண்ணும் பொருளுக்குக் கந்தகப்புகை ஏற்றதன்று. தொட்டியை எரித்து அப்புகையில் வாட்டும் முறையிற் கொப்பரை கருகிப் புகைநாற்றம் ஏறும்.

வெயிலை விடாமலும், மழைக்கு அஞ்சாமலும் உலர்த்த வழி உண்டா? உண்டு. அவ்வழியை அறிதற்கு முன் ஈரம் எவ்வாறு நீங்குகின்றது என்பதைக் காணுதல் வேண்டும்.

துணி காய்தற்கு வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும். வெயில் நீரை ஆவியாக்குகின்றது. காற்று அவ்வாவியைச் சுமந்து செல்கின்றது. ஆனால் காற்றுச் சுமக்கக்கூடிய ஆவிக்கு ஓர் எல்லை உண்டு. குளிர்ந்த காற்றின் எல்லை சிறிது. சூடான காற்றின் எல்லை பெரிது. 30 பாகை சென்டிகிரேடு சூட்டில், தான் சுமக்கக்கூடிய ஆவியில் நூற்றுக்கு 70 பங்கை ஏற்கெனவே சுமந்துள்ள காற்று ஒன்று இருப்பதாகக் கொள்க. இன்னும் 30 பங்குக்கே அதனிடம் இடம் உண்டு. அதே காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினால் அதன் எல்லை ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகும். ஆவி கூடவில்லை, எல்லை மட்டும் பெருகியது. ஆகவே முன்னர் 70 பங்காக இருந்த ஈரப்பதம் இப்போது 24 பங்காகிவிடும். அக்காற்று நீர் வேட்கை கொண்ட காற்று. அது தேங்காய்ப் பருப்பின்மேல் தவழ்ந்து செல்லும்போது ஈரத்தை விரைந்து கவர்ந்துகொள்ளும். எனவே உலர்த்துவோன் செய்ய வேண்டிய வேலை இரண்டு: காற்றைச் சூடாக்குதல் ஒன்று, அக்காற்றைத் தேங்கவிடாமல் வெளியேற்றுதல் மற்றொன்று. இரண்டாவதை மறந்து, கண்ணாடிப் பெட்டியில் விளைபொருளை அடைத்து மூடிவிட்டு, உள்ளே வியர்த்து ஒழுகுவதைக் கண்டு வருந்துவோர் உளர்.

வெயிலைக்கொண்டு காற்றைச் சூடாக்கும் வழியை முறையாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து அறிஞர் ஒராஸ் பெனடிக்ட் தெ சோசூர் என்பவர். கண்ணாடிச் சாளரம் வைத்த அறையும் குதிரைவண்டியும் வெயிலில் மிகச் சூடாவதை யாவரும் கண்டிருந்தனர். அஃது எவ்வளவு சூடாகும் என்று அளந்து பார்க்க அவருக்கே தோன்றிற்று. 1767 ஆம் ஆண்டில் அவர் ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை அமைத்து வெயிலில் வைத்தார். உள்ளே போகப்போகச் சூடு மிகுந்திருந்தது. பின்னர் மரப்பெட்டி ஒன்றின் உட்புறத்தைக் கருமையாக்கி, மேலே மூன்று கண்ணாடித் தகடுகளை இட்டு, ஏறக்குறைய 110 பாகை சூட்டைப் பெற்றார். நீர் கொதிக்கும் சூட்டினும் அது மிகுதி. அப்பெட்டியை அவர் மலையுச்சிக்கும் கொண்டு சென்றார். அங்குக் காற்றுக் குளிர்ந்திருந்தது. பெட்டியினுள் இருந்த சூடோ சமவெளியில் இருந்ததை ஒட்டியே இருந்தது. பெட்டியைச் சூடாக்குவது சுற்றியுள்ள காற்று அன்று, வெயிலே என்பது இதனாற் புலனாயிற்று. வெயிலின் ஒளி கண்ணாடியை ஊடுருவி உட்புகுகின்றது. கருநிறப் பரப்பு அதனை ஏற்றுச் சூடாகின்றது. அப்பரப்பு வெளியிடும் வெப்பக் கதிரைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. சூடான காற்றும் தப்பிச் செல்ல வழியில்லை. சாளரங்களை மூடி வெயிலில் நிறுத்திய பேருந்தில் ஏறினார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சோசூரின் பெட்டிக்குக் காற்றுப் புகவும் போகவும் வழி செய்துவிட்டால் அதுவே சூரிய உலர்த்தி. சிறு குடும்பத்திற்கு உரிய உலர்த்தியை ஊர்த் தச்சரே செய்து தரலாம். இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மரப்பெட்டி, உட்புறம் கருநிறம், மேலே கண்ணாடி மூடி, உள்ளே பொருளைப் பரப்பக் கம்பிவலைத் தட்டு. முன்புறத்தில் தாழ்வான இடத்தில் துளைகளும், பின்புறத்தில் உயர்ந்த இடத்தில் துளைகளும் வேண்டும். சூடான காற்று இலேசாகி மேல்துளை வழியே வெளியேற, அதன் இடத்தை நிரப்பப் புதிய காற்றுக் கீழ்த்துளை வழியே புகும். துளைகளுக்குக் கொசுவலை கட்டினால் ஈ நுழையாது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இருத்தலின், ஆண்டிற் பெரும்பகுதி நண்பகற் கதிரவன் தென்புறம் சாய்ந்தே செல்கின்றான். ஆகலின் மூடி தெற்கு நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். சரிவு பத்து அல்லது பதினைந்து பாகை இருப்பின் மழைநீரும் தேங்காமல் வடிந்துவிடும்.

பெருந்தொகையாக உலர்த்துவோர்க்குப் பெட்டி போதாது. அவர்க்கென அமைந்தது கூடார உலர்த்தி. சிமெண்டுத் தளத்தின்மேல் இரும்புச் சட்டத்தை வில்போல் வளைத்து நிறுத்தி, பாலிகார்பனேட்டுத் தகடுகளாலோ, வெயிலுக்குத் தாங்கும் தடித்த பாலித்தீன் விரிப்பாலோ போர்த்துவர். உள்ளே ஆள் நின்று நடமாடலாம். ஈரக்காற்றை வெளியேற்ற மின்விசிறி இருக்கும். அவ்விசிறியும் வெயிலால் மின்சாரம் தரும் தகட்டினால் இயங்கும். வெயில் மிகுந்தால் விசிறி விரைவாகச் சுழலும்; மேகம் மறைத்தால் மெதுவாகும். உலர்த்தியின் தேவையும் அவ்வாறே கூடிக் குறைதலின் இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்திவிடுகின்றது. ஜெர்மனியில் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தார் வகுத்த சுரங்க வடிவ உலர்த்தியும், தாய்லாந்தில் வாழைப்பழத்தை உலர்த்தப் பயன்படும் வளைகூரை உலர்த்தியும் இவ்வினத்தைச் சார்ந்தனவே.

எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது மூன்றில் இரண்டு யூனிட். தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஒரு நாளில் விழும் வெயில் ஏறக்குறைய ஐந்து யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கே பயன்பட்டது என்று கொண்டாலும், ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ நீரை அகற்றும். ஏறக்குறைய 350 தேங்காய்களின் பருப்பாகிய 100 கிலோவிலிருந்து 47 கிலோ நீர் செல்ல வேண்டும் என முன்னரே கண்டோம். ஆறேழு சதுர மீட்டர் பரப்பு இருப்பின் அது மூன்று நாளில் முடியும். கடைசி ஈரம் எளிதில் வெளிவராது. ஆதலின் நான்கு நாள் என்று கொள்ளுதல் தக்கது. திறந்த களத்தில் ஏழெட்டு நாள் ஆவதை இங்கு நினைவுகூர்க. விரைவினும் பெரிது ஒன்று உண்டு. மாலையில் மேகம் திரண்டால் கொப்பரையை வாரிக் கூடைகளில் இட்டுக்கொண்டு எவரும் ஓட வேண்டுவதில்லை.

எனினும் உலர்த்தியை எல்லாவற்றிற்கும் மருந்தாகக் கருதுதல் தவறு. குறுவை நெல்லுக்கு அஃது அவ்வளவாக உதவாது. ஓர் ஏக்கரில் விளையும் நெல் டன் கணக்கிலானது. அதனைப் பரப்பும் அளவிற்குக் கூடாரம் கட்டச் சிறு உழவனால் இயலாது. மேலும் நெல் வேண்டப்படும் நாட்களிலேதான் கதிரவன் மறைந்திருக்கின்றான். அங்கு வேண்டுவன நல்ல சிமெண்டுக் களங்களும், கூரையிட்ட கிடங்குகளும், ஊருக்குப் பொதுவான உலர்த்து இயந்திரங்களுமே. விலை மிகுந்ததும் அளவிற் சிறியதுமான பொருள்களுக்கே சூரிய உலர்த்தி ஏற்றது. கொப்பரை, மிளகாய், வேகவைத்த மஞ்சள், முருங்கையிலை, வாழைப்பழம், மீன் ஆகியன அத்தகையவை.

சூடு மிகுதலும் குற்றமே. விதைநெல்லை 43 பாகைக்கு மேற் சூடாக்கினால் முளைப்புத் திறன் கெடும். உணவுக்குரிய நெல்லை மிக விரைவாகக் காயவைத்தால் மணியில் வெடிப்புத் தோன்றி, அரைவையின்போது அரிசி நொய்யாகும். பழத்துண்டுகளைத் தொடக்கத்திலேயே கடுஞ்சூட்டில் வைத்தால் மேற்புறம் தோல்போல் இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளிவர வழியின்றி அடைபடும். வெளியே காய்ந்து உள்ளே புளித்த அத்துண்டுகளை எவரும் வாங்கார். முருங்கையிலைக்கு வெயில் நேரே படுதலும் ஆகாது; அதன் பச்சை நிறமும், வைட்டமின் ஏ சத்துக்கு மூலமான கரோட்டினும் ஒளியால் அழியும். அத்தகைய பொருள்களுக்கு வேறொரு வகை உலர்த்தி உண்டு. காற்று ஓர் அறையிற் சூடாகும். பொருள் ஒளி புகாத மற்றோர் அறையில் இருக்கும். சூடான காற்று மட்டும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும். கீரையை வீட்டின் நிழலிற் காற்றாடப் பரப்பி உலர்த்திய மூதாட்டியரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர் என்றே கொள்ளலாம்.

கூடார உலர்த்தி அமைக்கப் பணம் மிகுதியாக வேண்டும். தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு மானியம் அளித்து வருகின்றது. அப்பொழுதும் எஞ்சிய தொகை, ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் உடையார்க்குப் பெருஞ்சுமையே. மேலும் ஆண்டில் சில வாரங்களே பயன்படும் ஒரு கட்டடத்தைத் தனியொருவன் வைத்துக்கொள்ளுதல் சிக்கனம் ஆகாது. பத்து உழவர் கூடி ஒன்றை அமைத்து, தை முதல் மிளகாயும், பின்னர்க் கொப்பரையும், இடையில் முருங்கையிலையுமாக முறைவைத்துப் பயன்படுத்தினால் உலர்த்தி ஓய்ந்திராது, சுமையும் பங்கிடப்படும்.

உலர்த்துவோர் கைக்கொள்ள வேண்டிய சில வழக்கங்கள் உள. பொருளைத் தடிமனாக அடுக்கலாகாது. காற்று ஊடே செல்ல இடம் விடுதல் வேண்டும். நாளில் இரண்டு மூன்று முறை புரட்டிவிடுதல் நன்று. அந்தி சாய்ந்ததும் காற்றுத் துளைகளை மூடிவிட வேண்டும்; மூடாவிடின் இரவின் ஈரக்காற்று உட்புகுந்து, பகலில் இழந்த ஈரத்திற் சிறிதைப் பொருள் மீண்டும் ஏற்றுக்கொள்ளும். ஈரத்தை அளக்கும் கருவி இல்லாதார் பழைய சோதனைகளைச் செய்யலாம். உலர்ந்த நெல்லைப் பல்லாற் கடித்தால் நறுக்கென்று முறியும், ஈரநெல் நசுங்கும். உலர்ந்த மிளகாயைக் குலுக்கினால் விதை ஒலிக்கும். நல்ல கொப்பரை ஒடித்தால் ஓசையுடன் ஒடியும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். உலர்த்தியிலிருந்து எடுத்ததைச் சூட்டோடு சாக்கிற் கட்டலாகாது. சூடான பொருள் மூட்டைக்குள் வியர்த்து, அவ்வியர்வை நடுவே தங்கிப் பூசணத்திற்கு இடம் தரும். நிழலிற் பரப்பிச் சூடு ஆறவிட்டு, மாலைப் பனி இறங்குவதற்கு முன் கட்டி, தரையிற் படாமல் மரப்பலகைமேல் அடுக்க வேண்டும்.